பாறசாலையிலிருந்து ஒரு சகோதரி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. மிச்சப் படிப்பு முழுவதும் வானொலியில்தான். என் பஞ்சர் கடையில் கம்ப்ரசருக்கு மேலே ஆணியில் தொங்குகிற பெட்டியைக் காலையில் திருகிவிட்டால், கடை அடைக்கும்வரை யாராவது ஒரு நிபுணர் எனக்குப் புதிதாக ஓர் ஆபத்தைச் சொல்லித் தந்துகொண்டே இருப்பார். எல்லையில் குடியிருப்பதில் இப்படி ஒரு சௌகரியம் உண்டு. காலையில் மலையாள நிலையம் எலிக்காய்ச்சலைப் பற்றிப் பேசும். பதினோரு மணிக்கு அப்புறத்துத் தமிழ் நிலையம் டெங்குவைப் பற்றிப் பேசும். மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு மொழியில் கிடைக்கிற பயம் எங்களுக்கு இரண்டு மொழியில் கிடைக்கிறது, இலவசமாக.

நிபுணர் சொல்லை நான் மீறியதில்லை. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தேன். தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்க வைக்கச் சொன்னார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று நாற்பது நிமிடம் வைத்தேன். பாதித் தண்ணீர் ஆவியாகிப் போனதாக மனைவி சொன்னாள். கல்யாணம் ஆன நாள்முதல் அவள் சொல்லி நான் கேட்ட காரியம் ஒன்றுகூட இல்லை என்பது அவளுடைய நெடுநாள் புகார்.

இந்த நிலையில்தான் மகளுக்கு மங்களூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. சனிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். பெற்றோர் சம்மதம் என்று ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டும். கடையில் வைத்து நிதானமாகப் படிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்து, வால்வுகள் கிடக்கிற மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. ஒரு பக்கத் தாள்தான். படித்துத் தீரவில்லை. ரயில் தடம் புரளலாம். விடுதிச் சாப்பாட்டில் பல்லி விழலாம். கடலோர ஊர், கடல் எழும்பி வரலாம். “பூவார் கடலு நம்ம வீட்டுலேருந்து எத்தனை தூரம் அப்பா?” என்று மகள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு அப்போது எனக்கு நேரமில்லாமல் போய்விட்டது.

அந்தப் புதன்கிழமை காலையில் புறப்படும்போது மனைவி, “இன்னைக்குப் பதினோரு மணிக்கு ரேடியோவுல மனசு டாக்டரு வாறாராம். விடாமக் கேளுங்கோ” என்றாள். என்மேல் இவ்வளவு அக்கறையா என்று மனம் குளிர்ந்துபோய்க் கடைக்கு வந்தேன்.

பதினோரு மணிக்குக் கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். பூவாரிலிருந்து ஸ்கூட்டரில் வீடுவீடாக மீன் விற்கிற பையன், அவனுடைய பின்சக்கர டியூப் என் கையில். அடுத்த முறைக்காகக் காத்திருந்தவர், எங்கள் பக்கத்துச் சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிற அக்கா. நான் டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வணக்கம், யார் பேசுறீங்க?” என்றார் வானொலி அறிவிப்பாளர்.

“பேரு வேண்டாம் சார். பாறசாலையிலிருந்து ஒரு சகோதரின்னு வச்சுக்கிடுங்கோ.”

இந்தக் குரல்தான் எனக்குக் காலையில் இட்லி வைத்தது.

“சொல்லுங்க சகோதரி, உங்களுக்கு என்ன பிரச்சினை?”

“எனக்கு ஒண்ணும் இல்ல சார். எங்க வீட்டுல உள்ளவருக்காக்கும். எல்லாத்துக்கும் பயம், பேடி. மழை பெஞ்சா பேடி, பெய்யல்லன்னா அதுக்கும் பேடி. வாழைக்குக் கீழ போனா குலை தலையில விழும்னு சுத்திப் போவாரு.”

மீன்காரப் பையன் தொடையில் அடித்துச் சிரித்தான். “எக்கா, கேட்டியளா? இப்படியும் ஒரு ஆளு, ஒரு சாதனம்!”

நான் பெட்டியை அணைக்க எழுந்தேன். கை ஈரம். ஈரக் கையால் சுவிட்சைத் தொடக் கூடாது என்று இதே பெட்டிதான் எனக்குக் கற்பித்திருந்தது. மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

“அது எப்படியும் போகட்டு சார்,” என்று குரல் தொடர்ந்தது. “பிள்ளைக்கு வெளியூருல படிக்க இடம் கிட்டியிருக்கு. ஒரு கையெழுத்துப் போட்டாப் போரும். மனுஷன் அந்தத் தாளைக் கொண்டு ஒளிச்சு வச்சிருக்காரு. நான் சொன்னாக் கேக்கமாட்டாரு. ரேடியோவுல சொன்னாக் கேப்பாரு. டாக்டரு ஒரு வார்த்தை சொல்லணும்.”

டாக்டர் தொண்டையைச் செருமினார். பதற்றம் இயல்பான ஒன்று என்றார். குடும்பத்தினர் அமர்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும் என்றார். மூச்சை ஆழமாக உள்ளே இழுத்து, நான்கு எண்ணி, மெதுவாக வெளியே விடலாம் என்றார். பிறகு பாட்டுப் போட்டுவிட்டார்கள். இத்தனை வருடம் நான் நம்பிய நிபுணர் கூட்டம், என்னிடம் நேராகப் பேச ஒரு வாய்ப்புக் கிடைத்தபோது எனக்குக் காற்றடிக்கச் சொல்லித் தந்தது. அதுவும் பஞ்சர் கடைக்காரனுக்கு.

“தாளை ஒளிச்சானாம், கள்ளன்!” என்றான் பையன். “அவனை நம்ம வள்ளத்துல ஏத்தி நடுக்கடலுல கொண்டு விடணும். இல்லியா அண்ணே?”

“பின்ன? அவனெல்லாம் ஒரு தகப்பனா?” என்றேன். குரலில் கோபம் போதவில்லையோ என்று சந்தேகம் வந்தது. “கழுதை” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

ஞாயிறு பள்ளி அக்கா போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. “பேடியொண்ணும் இல்ல அது. பிள்ளை போயாச்சுன்னா பின்ன அந்த ஆளு வீட்டுல யாரை நினைச்சுப் பேடிப்பாரு? அதாக்கும் காரியம்.”

டியூபில் குமிழி வந்துகொண்டிருந்தது. ஓட்டையைக் குறிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“அண்ணே, உங்க மோளுக்கும் நர்சிங்கு கிட்டியிருக்குன்னு கேட்டேனே? எப்பப் போறா?” என்றான் பையன். அக்காவும் போனிலிருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தார்.

“சனிக்கிழமை,” என்றது என் வாய். “நான்தான் கொண்டு விடப்போறேன்.”

“கொள்ளாம்! தகப்பன்னா இப்படி இருக்கணும்.”

நற்சான்றிதழ் கொடுத்துவிட்டு அவன் கிளம்பினான். மீன் விற்கிறவனிடம் ஒன்றைச் சொல்வது வானொலியில் சொல்வதைவிட மோசம் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அவனுக்கு நடுவில் பாட்டெல்லாம் கிடையாது.

மத்தியானம் சாப்பிடப் போகிற வழியில் இரண்டு வீட்டுக்காரர்கள் மதிலுக்கு மேலே தலை நீட்டி என்னைப் பாராட்டினார்கள். வீட்டில் நெத்திலி பொரிந்துகொண்டிருந்தது. யாரிடம் வாங்கியது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“சனிக்கிழமை நீங்கதான் கொண்டு விடுறியளாமே,” என்றாள் மனைவி, சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். “எத்தனை மணி வண்டிக்கு?”

ரேடியோவில் பேசியதைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“ரேடியோ கேட்டியளா?”

“கேட்டேன். டாக்டரு மூச்சை இழுத்து விடச் சொன்னாரு.”

“அப்போ இழுத்து விடுங்கோ.”

கடையிலிருந்து கிளம்பும்போது சட்டைப் பையில் வைத்த தாளை எடுத்தேன். மகள் வாங்கி முகர்ந்தாள். “ஏம்ப்பா, இது பஞ்சர் சொலூஷன் மணக்குது?” அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் மேசையில் விரித்து, நகராமல் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

பேனாவைப் பிடித்தபடி, “அங்க பக்கத்துல ஆசுபத்திரி உண்டா மக்கா?” என்றேன்.

“நான் படிக்கப் போறதே ஆசுபத்திரியிலயாக்கும். போடுங்கப்பா.”

போட்டேன். மை காய்வதற்குள் தாளை உருவிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். மனம் மாறிவிடுவேன் என்று பயம் போலிருக்கிறது. என் மகள்தானே.