என் முழங்காலும் மூன்று வக்கீல்களும்

பட்டாளத்து வேலை பதினேழு வருஷத்தில் முடிந்துவிடும். பென்ஷன் மனுப் போடும் வேலைக்கு ரிட்டயர்மென்ட்டே கிடையாது.

என் வலது முழங்கால் வடக்கே ஒரு பனிமலையில் போனது. அறுபது தாண்டியதும் மாடிப்படி ஏற முடியவில்லை. ஊனப் பென்ஷன் கேட்டு எழுதினேன். 'இந்தக் குறை ராணுவப் பணியால் ஏற்பட்டதல்ல' என்று ஒரே வரியில் பதில் வந்தது. பென்ஷனை விடுங்கள். அந்த 'அல்ல'தான் என்னைக் குடைந்தது. பிறகு யாரால் ஏற்பட்டது? என் மாமனாராலா? மேல்முறையீடு செய்வதென்று வக்கீல் தேடினேன். நீங்களும் தேடியிருப்பீர்கள். படியுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

பாகப்பிரிவினை வக்கீல்

காரைக்குடியில் பேர்போன மனுஷர். நேமத்தான்பட்டிப் பக்கத்துப் பெரிய வீடுகளின் பாகப்பிரிவினை எல்லாம் அவர் கையில்தான். ஒரு வீட்டுக்கு அறுபது பங்கு இருக்கும். ஒரு பங்கு மலேசியாவில், ஒரு பங்கு சென்னையில், ஒரு பங்கு எங்கே என்று யாருக்குமே தெரியாது. மேஜை நிறைய வம்சாவளிப் படம் விரித்து வைத்திருந்தார்.

ஐந்து நிமிஷம் பேசினேன். எனக்கு அது அதிகம். அவர் பேனாவைத் திறந்து, "மொத்தம் எத்தனை பங்காளிக?" என்றார். முழங்கால் என்றேன். "அதான், அதுல எத்தனை பங்கு?" என்றார். நாற்பது வருஷப் பழக்கம், பாவம். முழுசும் என்னுடையதுதான் என்றேன். பேனாவை மூடிவிட்டார்.

"ஒரே ஆளு, ஒரே சொத்து, அனுபோகமும் உங்ககிட்டயே இருக்கு. இதுல வழக்காட என்னங்க இருக்கு?"

விபத்து வக்கீல்

சிவகங்கைக் கோர்ட்டு வாசலில் நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டு ஒருவர் ஓடி வந்தார். சிங்கம்புணரி ரோட்டில் டயர் வெடித்தால் போலீசுக்கு முன்னால் இவருக்குத் தெரியுமாம். நாற்காலி கொடுத்தார். டீ சொன்னார். "மோதுனது லாரியா, பஸ்ஸா?" என்றார்.

"மலை."

"மலையில எந்த வண்டி?"

"வண்டி இல்லய்யா. நடந்து போனேன். வழுக்கி விழுந்தேன்."

டீ வந்தது. அவரே எடுத்துக் குடித்துவிட்டார். யோசிக்கிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே யோசித்திருக்கிறார்.

"மலைக்கு யாரும் இன்சூரன்ஸ் எடுக்க மாட்டாகளே சார், நான் யாருக்கு நோட்டீஸ் விடுறது?"

சிக்கந்தரின் மருமகள்

சிக்கந்தர் என்னோடு ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவன். இப்போது காரைக்குடியில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறான். இரண்டு வக்கீல் கதையையும் கேட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தான். பிறகுதான் தன் மருமகள் பாத்திமா சிவகங்கையில் வக்கீல் என்பதும், அவள் அப்பா சுபேதார் என்பதும் அவனுக்கு ஞாபகம் வந்தது. இப்படி ஒரு நண்பன் உங்களுக்கும் இருப்பான்.

பாத்திமா என் பட்டாளத்து டிஸ்சார்ஜ் மெடிக்கல் தாளை வாங்கிப் பார்த்தாள். "விழுந்தப்ப ஏன் மாமா ஆஸ்பத்திரிக்குப் போகலை?" என்று கேட்டாள்.

எப்படிப் போவது? எங்கள் யூனிட்டில் உடம்பு சரியில்லை என்று ரிப்போர்ட் பண்ணியவனை ஒரு மாசம் 'மகாராணி' என்று கூப்பிடுவோம். அந்தப் பழக்கத்தை ஆரம்பித்தவனே நான். காலில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாள் பரேடில் நின்றேன். பட்டாளத்தை விட்டு வெளியே வரும்போது கர்னல் டாக்டர், "ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று கேட்டார். விறைப்பாக நின்று, "நஹி சாப்!", இல்லை ஐயா என்று கத்தினேன். ஜன்னல் அதிர்ந்தது. அதை அப்படியே எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்.

"சர்க்கார் தரப்புக்கு வேற சாட்சியே வேணாம் மாமா, நீங்க ஒருத்தரே போதும்."

நாலு பக்கம்

ஆனால் அவள் விடவில்லை. "விழுந்தப்ப கூட வேற எதுவும் உடையலையா?" என்றாள். நான் பேசவில்லை. பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பேசாமல் இருந்துதான் பழக்கம். அவள் அதைக் குறித்துக்கொண்டாள். பட்டாளத்தில் சாமான் உடைந்தால் காகிதம் இருக்கும் என்பது சுபேதார் மகளுக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை சிக்கந்தரையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அவள் கேட்டதும் என் மனைவி மீனாள், என் இரும்புப் பெட்டியைக் கூடத்தில் கவிழ்த்தாள். அடியில் கிடந்தது அந்த நாலு பக்க விசாரணைத் தாள். முப்பது வருஷமாக மீனாளுக்குத் தெரியாமல் வைத்திருந்தேன். முதுகில் வயர்லெஸ் செட்டோடு பனியில் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தேன். செட் உடைந்தது. செட்டுக்கு விசாரணை வைத்தார்கள். அரசாங்கச் சாமானை உடைத்த குற்றத்துக்கு எனக்குக் கடும் எச்சரிக்கை. என் சர்வீஸில் ஒரே கறுப்புப் புள்ளி.

பாத்திமா அதைத் தமிழில் சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறியது. தேதி இருந்தது. இடம் இருந்தது. கடைசிப் பக்கத்தில், கூட வந்த ஹவில்தார் சொன்ன சாட்சி: 'இவர் வலது காலை இழுத்துக்கொண்டே செட்டை முகாமுக்குச் சுமந்து வந்தார்.' எழுந்து நின்று கை தட்டினாள். "இது போதும் மாமா! உங்களுக்குத் தண்டனை கொடுத்தவுகளே சாட்சி சொல்லிட்டாக!" நான் வெட்கப்பட்டு ஒளித்து வைத்ததை அவள் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். மீனாள் மட்டும் கோபமாக இருந்தாள்.

"வயர்லெஸ் பெட்டி உடைஞ்சதுக்கு நாலு பக்கம், மனுசன் உடைஞ்சதுக்கு ஒரே ஒரு வரியா?"

மெடிக்கல் போர்டு

மேல்முறையீட்டை எடுத்துக்கொண்டார்கள். மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சென்னைக்கு வரச் சொன்னார்கள். ரயில் ஏறும்போது பாத்திமா ஒரே ஒரு உத்தரவு போட்டாள். "டாக்டர் எப்படி இருக்கீகன்னு கேட்டா வாயைத் தொறக்காதீக. மாமி பேசட்டும்."

டாக்டர் இளம் மேஜர். "எப்படி இருக்கீங்க?" என்றார். உத்தரவு மறந்தே போனது. குதிகால் தானாகச் சேர்ந்தது. "பஸ்ட் கிளாஸ் சார்!" வாசலில் மீனாள் தலையில் அடித்துக்கொண்டாள். "குத்துக்கால் போட்டு உட்கார முடியுமா?" என்றார். முடியுமாவா? யாரிடம் கேட்கிறார்? சட்டென்று உட்கார்ந்து காட்டினேன். "சபாஷ். எந்திரிங்க."

எழுந்திருக்க முடியவில்லை. மேஜையைப் பிடித்தேன். மேஜை வந்தது, நான் வரவில்லை. ஒரு ஆர்டர்லி வந்தான், இன்னொருவனும் வந்தான். மேஜர் கையைக் காட்டி இருவரையும் நிறுத்தினார்.

"அப்படியே ஒரு நிமிஷம் இருங்க ஐயா, நான் அளந்து எழுதிக்கிறேன்."

உத்தரவு

தபால் வந்தது. எல்லாம் இங்கிலீஷ். பாத்திமா சிக்கந்தரோடு வந்து எங்கள் வீட்டில் வைத்துப் படித்தாள். 'இந்தக் குறை ராணுவப் பணியால் ஏற்பட்டதே.' இன்னொரு தரம் படி என்றேன். படித்தாள். மூன்றாவது தரம் நான் கேட்கவில்லை, மீனாள் கேட்டாள். பிறகு அடுக்களைக்குள் போய் ரொம்ப நேரம் பாத்திரம் உருட்டினாள். கந்தரப்பத்தோடு வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

சிக்கந்தர் நாலு அப்பம் தின்றான். மருமகளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சட்டைப் பொத்தானை அவிழ்த்து இடது தோளைத் தடவினான். அந்தக் கையைக் காதுக்கு மேலே தூக்க வராது என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாதாம். பாத்திமாவின் வாய் திறந்தது, மூடவில்லை.

"மாப்ளே, அந்தக் கர்னல் டாக்டர் கேட்டப்ப உனக்கு அடுத்து நின்னு நானும் நஹி சாப்னுதான்டா கத்துனேன்."

நொண்டாமல் நடந்து காட்டவே முப்பது வருஷம் பாடுபட்ட நான், இப்போது அரசாங்க முத்திரையோடு நிம்மதியாக நொண்டுகிறேன்.