கிறிஸ்மஸ் மரத்தடியில் மீன்

சுபஹு தொழுதுவிட்டுப் படியிறங்கி வந்தால், டிசம்பர் மாதத்தில் என் முதல் வேலை, முன்னறையில் நிற்கும் ஒரு மரத்தின் கீழே குனிந்து பார்ப்பதுதான். வீட்டுக்குள் மரம் நிற்பதே எனக்கு இன்னும் பழகவில்லை. ஊரில் கூரைப்பக்கம் சாய்ந்த முருங்கையைக்கூட வெட்டச் சொல்லி அயலவரோடு சண்டை பிடிப்பவர்கள் நாங்கள். இங்கே, இங்கிலாந்தின் வடக்கே மழையும் சாம்பல் வானமுமான ஒரு சிறிய நகரத்தில், மரத்தைக் கடையில் வாங்கி வந்து, சோபாவை நகர்த்தி அதற்கு இடம் ஒதுக்கி, அடியில் தண்ணீரும் ஊற்றி வைக்கிறார்கள். அதன் கீழே பூனை இருக்கக்கூடாது. இருந்தால் ஏறும், ஏறினால் மரம் சாயும். சாய்ந்தால் என்ன நடக்கும் என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்காரர் வோல்டருக்கு எண்பத்தொரு வயது. பஸ் ஓட்டியவர். மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. போன கிறிஸ்மஸுக்கு அவருடைய இரண்டு பூனைகளில் பெரியது மரத்தில் ஏற, மரம் சரிந்தது. தனியாக இருந்த மனிதர் அதை நிமிர்த்தப் போய்த் தானும் விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, பின்னேரம்வரை தரையில் கிடந்திருக்கிறார். அதற்குப் பிறகு அவரைத் தனியே விட முடியாமல்தான் ஏஜென்சி மூலம் என்னை வைத்தார்கள். மார்ச் மாதத்திலிருந்து மேல்மாடிச் சிறிய அறையில் தங்கி, அவரைக் குளிப்பாட்டி, நடத்தி, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு பூனை மரத்தில் ஏறியதால் வயிறு கழுவுகிற ஆள் நான் என்று மனைவி ரிபாயாவிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு.

பூனைகளுக்குப் பெயர் கேப்டன், மில்லி. கேப்டன் மஞ்சளும் சிவப்புமாகத் தடித்துக் கிடப்பவன். மில்லி சாம்பல் நிறம், ஒல்லி. என்னோடு வோல்டர் கதைப்பது தேநீர், மருந்து, கால்வலி பற்றி மட்டும். மற்ற எல்லாவற்றையும் அவர் பூனைகளோடுதான் கதைப்பார். மனைவியின் பெயரை நான் முதலில் கேட்டதே அவர் மில்லியோடு கதைத்துக்கொண்டிருந்தபோதுதான்.

அவருடைய ஒரே மகள் சூசன் இரண்டு மணிநேரம் கார் ஓடி வருகிற தூரத்தில் இருக்கிறாள். டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை மரத்தோடு வந்தாள். அட்டைப்பெட்டியைத் திறந்து, பழைய பத்திரிகையில் சுற்றிய கண்ணாடி மணிகள், பறவைகள், உருண்டைகள் எல்லாவற்றையும் வோல்டர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவள் கொழுவினாள். அத்தனையும் தாயுடையவை. கொழுவி முடித்ததும் தகப்பன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: “அப்பா, இந்த வருடமும் மரம் விழுந்தால் பூனைகளைக் காப்பகத்துக்குக் கொடுத்துவிடுவேன். உங்களை இன்னொரு தடவை தரையிலிருந்து தூக்க என்னால் முடியாது.” வோல்டர் மடியில் கிடந்த மில்லியின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்தக் கிழவனைப் பார்க்கப் பொறுக்கவில்லை. உதவி செய்வதாக நினைத்துச் சூசனிடம், “மரத்தை வெளியே வைத்தால் நல்லம்” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். முற்றத்தில் நின்றால் பூனைக்கும் பிரச்சினை இல்லை, கிழவனுக்கும் ஜன்னலால் தெரியும் என்பது என் எண்ணம். சூசனின் முகம் சட்டென்று மாறிவிட்டது. “சரி, புரிகிறது” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். இரண்டு நாள் கழித்து ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் அழைத்து, மிகவும் மரியாதையாக, மரம் இருப்பது என் மார்க்கத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறதா, வேறு வீட்டுக்கு மாற விருப்பமா என்று கேட்டாள். “பூனை, மேடம், பூனை” என்று நாலு தடவை சொன்னேன். அவளுக்கு அது விளங்கியதோ தெரியாது. ரிபாயாவிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “இனி செத்தவங்களுக்கு ஓதுற மாதிரி அந்த மரத்துக்கும் கத்தம் ஓதாத கொறதான். நல்லாப் பாத்துக்கோங்க!”

சூசனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறந்து வளர்ந்த வீட்டுக்குள் அவள் மணி அடித்துவிட்டுத்தான் வருவாள். நான் கதவைத் திறந்தால் “உள்ளே வரலாமா?” என்றும் கேட்பாள். எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்த அன்றே தகப்பனுக்கு அத்திவாரம் கண்ணில் தெரியத் தொடங்கிவிடும். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நானும் அப்படித்தான் கல்முனைக்குடியிலிருந்து ஒரு சூட்கேஸோடு சாய்ந்தமருதில் ரிபாயாவின் வீட்டுக்குப் போனேன். அதற்கு முன்பு இருந்தது உம்மாவின் வீடு. அது இப்போது தங்கச்சியின் வீடு. மகள் சப்னாவுக்குப் பதினேழு வயது. அவளுக்காக ரிபாயாவின் வளவுக்குள் இன்னொரு வீடு பீம் மட்டத்துக்கு எழும்பி நிற்கிறது. அது முடிய வேண்டும் என்றுதான் கல்முனை பஸாரில் பதினெட்டு வருடம் சாரி விரித்துக் காட்டியவன், இங்கே வோல்டரின் சொக்ஸை மாட்டிவிடுகிறேன். ஒரு வீட்டிலும் நான் மணி அடித்ததில்லை. ஆனால் எந்த வீடும் என்னுடையது என்று சொல்லிக்கொண்டதும் இல்லை.

பூனைகளைத் தடுக்கச் சூசன் சொல்லிவிட்டுப் போன வழிகளை முதலில் செய்து பார்த்தேன். தோடம்பழத் தோலை மரத்தைச் சுற்றிப் போட்டேன். மில்லி அதைக் காலால் தட்டி விளையாடினாள். சரசரக்கும் ஈயத்தாளை அடியில் விரித்தேன். கேப்டன் அதன் மேல் படுத்துத் தூங்கினான். தண்ணீர் விசிறும் போத்தல் ஒன்றும் தந்திருந்தாள். அதை நான் கையாலும் தொடவில்லை. நபிகளார் பூனைகளிடம் காட்டிய இரக்கத்தைப் பற்றி ஓதப்பள்ளியில் கேட்டு வளர்ந்தவன், குளிர்காலத்தில் ஒரு பூனையின் முகத்தில் தண்ணீர் அடிப்பதா? அப்போதுதான் நம்முடைய ஊர் வழி ஒன்று இருக்கிறதே என்று ஞாபகம் வந்தது.

ஊரில் காலையில் கடற்கரைக்குப் போய், கரைவலை இழுத்து முடியுமட்டும் நின்று, சூடையோ பாரைக்குட்டியோ வாங்கி, மோட்டார் சைக்கிள் ஹேண்டிலில் சொப்பின் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதுமே எங்கள் வெள்ளைப் பூனை கேற்றடிக்கு ஓடி வந்து நிற்கும். மீனைக் குசினியில் கொடுத்துவிட்டுக் குளித்துக் கடைக்குப் போய்விடுவேன். பகல் சாப்பாட்டுக்கு வரும்போது பூனை எங்காவது சுருண்டு கிடக்கும். மீன் சட்டி திறந்திருந்தாலும் எட்டிப் பார்க்காது. “அதுட பங்கைக் குடுத்தாச்சி, இனி வராது” என்பாள் ரிபாயா. முதலில் பூனைக்குப் பங்கு, பிறகுதான் நமக்கு. அதில் ஒரு பரக்கத், அல்லாஹ்வின் அருள், இருக்கிறது என்றும் சொல்வாள்.

இவ்வளவு இலேசான விஷயம் இந்த வெள்ளைக்காரருக்குத் தெரியவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. மீன் வாங்கி வந்து, உப்பில்லாமல் அவித்து, முள் நீக்கி, இரண்டு சோசர்களில் போட்டு மரத்தின் அடியிலேயே வைத்தேன். எதைக் காக்க வேண்டுமோ அதன் பக்கத்திலேயே பங்கை வைத்தால், தின்றவர்கள் அதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள் என்பது என் கணக்கு. முதல் நாள் இருவரும் நக்கித் துடைத்துவிட்டு ஹீற்றரடியில் போய்ப் படுத்தார்கள். வோல்டரிடம், “எங்கள் ஊர் வழி” என்று சொன்னேன். அவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அந்த மனிதர் எனக்கென்று காட்டிய முதல் சந்தோஷம் அது.

நாலாம் நாள் காலையில் நான் படியிறங்கும்போதே சத்தம் கேட்டது. இரண்டு பூனைகளும் மரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, மரத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன. ஒரு வாரத்தில் அவை மரத்தடியைவிட்டு அசைய மறுத்தன. மீன் தருவது நான் அல்ல, அந்த மரம்தான் என்று முடிவு கட்டிவிட்டன போலிருக்கிறது. கீழே மீன் முடிந்தால் மேலே இருக்கும் என்று கேப்டன் நினைத்தானோ என்னவோ, ஒரு வியாழக்கிழமை நான் வோல்டருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நேரத்தில் ஏறிவிட்டான். நான் ஓடிப்போய் மரத்தைக் கட்டிப் பிடித்ததால் அது விழவில்லை. ஆனால் நீல நிறக் கண்ணாடி மணி ஒன்று தரையில் விழுந்து நொறுங்கிவிட்டது.

ஒரு கன்னத்தில் சவர நுரையோடு வோல்டர் நடைச்சட்டத்தை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். மணியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “சூசனிடம் சொல்லாதே. கொண்டுபோய்விடுவாள்” என்றார். அந்தக் குரலில் இருந்த பயம் என்னைக் கொன்றுவிட்டது. அந்த மனிதரிடம் மிச்சமிருந்த கதைத்துணை இரண்டையும் பறிகொடுக்க, என் கெட்டித்தனமே வழி செய்து வைத்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. கிறிஸ்மஸுக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது.

கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி எடுத்துவிட்டு ரிபாயாவுக்கு அழைத்தேன். அங்கே பகல் சமையல் முடிந்திருந்த நேரம். நடந்ததைச் சொன்னேன்.

“மரத்துக்குக் கீழயா வெச்சீங்க?”

“ஓம். நீ மீன் வெட்டுற எடத்துல குடுக்கிற மாதிரித்தான்.”

“அல்லாவே! நான் எந்தக் காலத்துல மீன் வெட்டுற எடத்துல குடுத்தன்? அங்க குடுத்தா அது அங்கயே நிண்டு உசிர வாங்குமே. கிணத்தடிக்குக் கொண்டுபோய்த்தானே போடுவன். அதால அது எப்பயும் கிணத்தடியப் பாத்துக்கிட்டுக் கெடக்கும். பத்தொம்பது வருசம் இந்த ஊட்டுல இருந்தீங்க, இதக் காணல்லயா?”

நான் காணவில்லை. மீன் பையைக் கொடுத்த கையோடு கடைக்குப் போனவன். பகலுக்கு வந்தபோது கண்டது, தின்று முடித்த பூனையை மட்டும்தான். வந்த நாளிலிருந்து இந்த நாட்டை அளக்க நான் தூக்கிப் பிடிக்கும் ஊர் இருக்கிறதே, அதில் பாதியை நான் பார்த்ததே இல்லை. குசினிக்கும் கிணற்றடிக்கும் இடையில் நடந்ததெல்லாம் என் கண்ணில் படவேயில்லை. “நீங்க ஊர விட்டுப் போனதுல எனக்குக் கொறஞ்சது கொஞ்சம்தான். நான் இல்லாட்டி ஒங்களுக்கு ஊரே தெரியாது” என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து சோசர்களை நகர்த்தத் தொடங்கினேன். ஒரேயடியாக மாற்றினால் பூனைகள் நம்பாது என்று ரிபாயா சொல்லியிருந்தாள். முதல் நாள் மரத்திலிருந்து நாலு முழம், சாரி அளந்த கையல்லவா. அடுத்த நாள் முன்னறை வாசல். பிறகு நடை, பிறகு குசினி, கடைசியில் பின்கதவடி. நான் “பூஸ், பூஸ்” என்று கூப்பிட்டாலும் கேப்டன் ஒவ்வொரு நாளும் முதலில் மரத்தடிக்குப் போய் ஒரு தடவை கத்திவிட்டுத்தான் சோசருக்கு வந்தான். வோல்டர் கதிரையில் இருந்தபடி, “போடா, அந்தப் பக்கம் போடா” என்று அவனைக் கெஞ்சினார். ஆறாம் நாள், கிறிஸ்மஸுக்கு முதல் நாள் காலை, நான் படியிறங்கி மரத்தடியில் குனிந்து பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. பின்கதவடியில் இரண்டு பேரும் என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வோல்டரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

கிறிஸ்மஸ் அன்று சூசன் மணி அடித்துவிட்டு உள்ளே வந்தாள். மரத்தை மேலும் கீழும் பார்த்தாள். “அம்மாவின் நீல மணி எங்கே?” என்றாள். வோல்டர் வாய் திறப்பதற்கு முன், “என் பிழை. நான்தான் காரணம்” என்றேன். அது பொய்யுமில்லை. அவள் கொஞ்ச நேரம் வெறும் கிளையைத் தொட்டுக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. பிறகு, பின்கதவடியில் அசையாமல் கிடந்த பூனைகளைப் பார்த்துவிட்டு, “மரம் நிற்கிறது. இவையும் இருக்கட்டும்” என்றாள். வோல்டர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். எனக்கு ஹலால் என்று பார்த்துச் சூசன் ஒரு பெரிய சால்மன் மீன் துண்டைச் சுட்டுத் தட்டில் வைத்தாள். மரத்தை வெளியே வைக்கச் சொன்னவனுக்கு அவள் தேடி வாங்கி வந்த மீன் அது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரிபாயாவின் வீடியோ அழைப்பு வந்தது. அங்கே மஹ்ரிப் முடிந்து இருட்டியிருந்தது. சப்னாவின் வீட்டுச் சுவரைக் காட்டினாள். பிறகு கிணற்றடியைக் காட்டினாள், லைட் வெளிச்சத்தில் எங்கள் வெள்ளைப் பூனை கால் நக்கிக்கொண்டிருந்தது. “இப்பயும் கேற்றடிக்குப் போகுதா?” என்று கேட்டேன். “முந்தி ஒங்கட மோட்டார் சைக்கிள் வாற நேரத்துக்குப் போய் நிண்டுக்கிட்டுத்தான் இருந்திச்சி. இப்ப போறல்ல. மீன்காரன்ட ஹோனுக்குத்தான் ஓடுது” என்றாள்.

போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, “பூஸ், பூஸ்” என்று கூப்பிட்டேன். வெள்ளைப் பூனை தலை நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். பின்கதவடியில் இருந்து கேப்டனும் மில்லியும் எழும்பி ஓடி வந்து, என் காலடியில் நின்று மேலே பார்த்தார்கள். வோல்டர் சிரித்தார். கூப்பிட்ட குரலுக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. ஒரு கையில் சாய்ந்தமருதும் மற்றக் கையில் சூசன் சுட்ட மீனில் பாதியுமாக எழும்பினேன்.

“இஞ்சாருங்க, எங்க போறீங்க?” என்று போனுக்குள்ளிருந்து ரிபாயா கேட்டாள்.

“பின்கதவடிக்கு. இதுகள்ற பங்கைக் குடுத்திட்டு வாறன்.”