அகராதியின் இரண்டாவது அர்த்தம்

"என்கிட்ட ஆர்க்யூ பண்ணாதே" என்று பேத்தி தொலைபேசியில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்ததும் நான் வளர்ந்த மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் நினைவுக்கு வந்தது.

ஏழாம் வகுப்பில் என் மதிப்பெண் அட்டையில் டீச்சர், 'ஆர்க்யுமென்டில் கெட்டிக்காரி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ரயில்வே கிளார்க்கான அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஸ்கூல்ல போய் சண்டை, ஜகளம் பண்றியா? இனிமே பேச்சுப் போட்டி, கீச்சுப் போட்டி எதுக்கும் போக வேண்டாம்."

நான் அழுதேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்திருந்த அம்மா, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அப்பாவின் ஆங்கில அகராதியை எடுத்து வந்தாள்.

"சண்டைன்னுதான் முதல்ல போட்டிருக்கு. அதுக்குக் கீழே பாருங்க, தர்க்கத்துல, ஒரு முடிவுக்கு ஆதாரமா சொல்ற காரணங்கள்னு இருக்கு. சண்டைக்காரியைப் போய் எந்த டீச்சராவது கெட்டிக்காரின்னு எழுதுவாங்களா? அப்போ ரெண்டாவது அர்த்தம்தானே சரி?"

அப்பா அகராதியை வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவைத் திறந்து அட்டையில் கையெழுத்துப் போட்டார்.

"போட்டிக்குப் போகட்டும்" என்றார்.

அம்மா அவரை மறுத்துப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அகராதியை அதன் இடத்தில் வைத்துவிட்டு அவள் அடுக்களைக்குத் திரும்பினாள்.

பிற்பாடு வக்கீலாகி முப்பது வருடம் வாதாடினேன். அன்று அவளுக்கு வேண்டியிருந்த தைரியம் எனக்கு ஒருநாளும் வேண்டியிருந்ததில்லை.