முப்பத்தெட்டு வயதில் மூன்றாம் வகுப்பு

ஜப்பான்காரர்கள் வந்த கொஞ்ச நாளிலேயே பினாங்கில் சூரியன் காலை எட்டு மணிக்கு மேல் உதிக்கத் தொடங்கியது. ஊரில் இருப்பவர்கள் நம்ப மாட்டீர்கள். இங்கே உள்ள கடிகாரங்களையெல்லாம் அவர்கள் தேசத்து நேரம் காட்டும்படி ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டார்கள். சேவல் கூவுவது பழைய நேரத்தில், ஆபீஸ் மணி அடிப்பது புது நேரத்தில். மற்றவர்கள் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார்கள். என்னால் முடியவில்லை. இராகு காலமும் சரியாக ஒன்றரை மணி நேரம்தான் என்பது எனக்கு உறைத்த அன்றோடு நிம்மதி போயிற்று. சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் பிடிக்கிற இராகு காலம், புதுக் கடிகாரத்தில் பத்தரைக்குப் பிடிக்கிறதா, பத்தரைக்கு விடுகிறதா? தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனபோது பூசாரியிடம் கேட்டேன். சாமிக்குப் பழைய மணி, கவர்மெண்டுக்குப் புது மணி என்றார். நான் கவர்மெண்டு வேலையில் இருக்கிற பக்தன். எனக்கு எந்த மணி என்பதை அவர் சொல்லவில்லை.

கவர்மெண்டு வேலை என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். தண்ணீர் இலாகா ஸ்டோரில் குழாய்களையும் திருகுகளையும் எடுத்துக் கொடுத்து, திரும்பி வந்ததும் துடைத்து அடுக்குகிற வேலை. அதற்கு எந்தப் பாஷையும் தேவையில்லை. ஆனால் இரண்டாம் வருடம் ஓர் உத்தரவு வந்தது. இலாகாவில் இருக்கிற ஒவ்வொருவரும் நிப்பொங்கோ, அதாவது ஜப்பான் பாஷை, முதல் பரீட்சை தேற வேண்டும். தேறாதவர்கள் வீட்டுக்குப் போகலாம். அந்த நாளில் வீட்டுக்குப் போனவர்கள் வீட்டில் நிற்கவில்லை. வேலையில்லாத தமிழனைக் கண்டால் லாரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போட அனுப்பிவிடுவார்கள். எங்கள் தெருவிலிருந்து போன இரண்டு பேரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஆகவே என் பரீட்சை என்பது குழாய்க்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் நின்றது. இதை நான் சொல்லிச் சொல்லி என் மனைவி விசாலத்துக்குக் காது புளித்துவிட்டது.

வகுப்பு நடந்தது என் மகள் கமலம் படித்த அதே தமிழ்ப் பள்ளியில். பிள்ளைகள் போன பிறகு சாயங்காலம் நாங்கள் உள்ளே போவோம். மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் பன்னிரண்டு ஆண்கள் உட்கார்ந்திருப்போம். காலையில் கமலம் உட்கார்ந்த இடத்தில் சாயங்காலம் நான். மேசையில் அவள் பென்சிலால் கிறுக்கியிருந்த பூவைப் பார்த்துக்கொண்டே அ, இ, உ, எ, ஒ என்று கத்துவேன். ஆம், அவர்கள் பாஷையும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. நம் அரிச்சுவடியை யாரோ கப்பலில் கொண்டுபோய், நெடில்களை மட்டும் வழியில் கடலில் போட்டுவிட்ட மாதிரி. அதுவரைக்கும் எனக்குத் தைரியமாக இருந்தது. அப்புறம் எழுத்துக்கள் வந்தன. எல்லாம் உடைந்த கொக்கிகளைப் போல இருந்தன. ஸ்டோரில் கொக்கிகளை அளவு பார்த்து அடுக்கலாம். இவற்றை எதைப் பார்த்து அடுக்குவது?

சுவரில் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று தொங்கியது. ஜப்பான் பாடம் தவறில்லாமல் சொன்னால் ஒரு சிவப்பு நட்சத்திரம் ஒட்டுவார்கள். கமலத்தின் பெயருக்கு நேரே பதினொன்று. சென்செய், அதாவது ஜப்பான் வாத்தியார், பாடம் நடத்தும்போது என் கண் அதிலேயே இருக்கும். பெருமையாக இருந்தது என்று எழுதினால் பாதிதான் உண்மை. வெள்ளைக்காரன் திரும்பி வந்தால் இந்தப் பதினொரு நட்சத்திரத்துக்கும் அவளை என்ன செய்வானோ என்பது மீதிப் பாதி.

என் பள்ளிக்கூடப் படிப்பையும் சொல்லிவிடுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். தேவகோட்டைப் பக்கம், மூன்றாம் வகுப்பு. இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று எங்கள் வாத்தியார் ஓர் ஏற்பாடு செய்தார். முதல் பையனுக்கு ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில். இரண்டாம் பையனுக்கு இன்னொன்று. இப்படி இருபது பேருக்கும் பங்கு போட்டுக் கொடுத்து ஒரு மாதம் உருப்போட வைத்தார். என் பங்குக்கு வந்தது கங்கை நதி. இன்ஸ்பெக்டர் என்ன நினைத்தாரோ, கடைசி வரிசையிலிருந்து ஆரம்பித்துவிட்டார். ஏழெட்டு எவ்வளவு என்று என்னைக் கேட்டார். நான் கணீரென்று, இமயமலையில் பிறந்து வங்காள விரிகுடாவில் விழுகிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் பின்வாசலைப் பார்த்தேன். அன்றைக்கு வெளியே ஓடியவன்தான். பிறகு இருபது வயதில், கிட்டங்கி என்கிற செட்டியார் வட்டிக்கடையில் சமையலுக்கு எடுபிடியாக, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். இங்கே வந்து பதினெட்டு வருடம் கழித்து ஒரு பெஞ்சில் உட்கார வைத்தால் கண் முதலில் பின்வாசலைத்தான் தேடுகிறது.

பரீட்சை சனிக்கிழமை பத்தரை மணிக்கு என்று அறிவித்தார்கள். நேரத்தைப் பார்த்தே நான் பாதி தோற்றுவிட்டேன். அது போதாதென்று அன்று விஜயதசமி. முந்தின நாள் சரஸ்வதி பூஜை. வெள்ளிக்கிழமை ஸ்டோரிலிருந்து கொஞ்சம் முன்னதாகவே கெஞ்சி விடுப்பு வாங்கிக்கொண்டு, மிச்சமிருக்கிற பொழுதில் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிடலாம் என்று வீட்டுக்கு ஓடினேன். புத்தகம் பூஜையில் இருந்தது. கமலத்தின் தமிழ் வாசகம், சிலேட்டு, என் ஜப்பான் புத்தகம், என் பென்சில் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, மேலே செம்பருத்தி ஒன்றை வைத்து, முன்னால் அவித்த மரவள்ளிக்கிழங்கைப் படைத்திருந்தாள் விசாலம். சுண்டலுக்குக் கடலை எங்கே கிடைக்கிறது அப்போது?

பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் பூஜை முடிகிற வரைக்கும் தொடக்கூடாது, ஓர் எழுத்தும் படிக்கக்கூடாது. இது உங்களுக்குத் தெரியும். தெரியாதவன் மாதிரி நான் கையை நீட்டினேன்.

"ஒரு நாள் படிக்காட்டி என்ன? இத்தன நாளும் படிச்சுக் கிழிச்சீங்களோ?" என்றாள்.

ஜப்பான் புத்தகத்துக்கும் சரஸ்வதிக்கும் என்ன சம்பந்தம் என்று வாதாடிப் பார்த்தேன். எல்லாப் படிப்பும் அவளுடையதுதான், இந்தப் பாஷையை அவள் வைத்துக்கொண்டால்தான் உங்களுக்கு வரும் என்று முடித்துவிட்டாள். எனக்கும் எடுக்கத் துணிவில்லை. சென்செய்க்குக் கோபம் வந்தால் சயாம். சரஸ்வதிக்குக் கோபம் வந்தால் எங்கே அனுப்புவாள் என்று தெரியாது.

அந்த நேரத்தில் பின்கட்டில் கமலம் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். பள்ளியில் பரிசளிப்பு நாள் வருகிறது, 'என் குடும்பம்' என்று அவளே எழுதி சென்செய் திருத்தியதை அங்கே ஒப்பிக்க வேண்டும். புத்தகம் இல்லாமல், மனத்திலிருந்து, மணி மணியாக வந்துகொண்டிருந்தது. எங்கள் பரீட்சையிலும் முதல் கேள்வி உன்னைப் பற்றிச் சொல் என்பதுதான் என்று ஸ்டோரில் பேசிக்கொண்டார்கள். விசாலத்திடம் போய், காதால் கேட்கலாமா என்று அனுமதி கேட்டேன். யோசித்தாள். "சாமிகிட்ட வச்சது புஸ்தகத்தத்தான். உங்க காத வைக்கல" என்றாள்.

இருட்டுகிற வரைக்கும் கமலம் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். அது எதைப் பற்றியது என்று ஒரு முறைதான் கேட்டேன். "எல்லாம் நம்ம வீட்டுக் கதைதான்லா, அப்பா. யாரு, என்ன படிப்பு, என்ன வேலை, அதான்" என்றாள். அதற்கு மேல் அர்த்தம் கேட்கவில்லை. அர்த்தம் தெரிந்தால் யோசிப்பேன், யோசித்தால் பயப்படுவேன், பயந்தால் மறந்துவிடும். மனப்பாடத்துக்கு அர்த்தம் ஒரு தொந்தரவு என்பது தேவகோட்டையிலேயே நான் கற்றது. ஒரே ஒரு முன்னெச்சரிக்கை மட்டும் செய்துகொண்டேன். கமலம் என்று வருகிற இடத்தில் என் பெயரைப் போட்டுக்கொண்டேன். அந்தச் சமயோசிதத்தை நினைத்து அன்று எனக்கே என் மீது மரியாதை வந்தது.

மறுநாள் சென்செய் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்கத் தம்பையா மாஸ்டர், பள்ளியின் தமிழ் வாத்தியார், யாழ்ப்பாணத்துக்காரர். கேள்வி எதிர்பார்த்த மாதிரிதான் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். எங்கும் தடங்கல் இல்லை. நடுவில் பேனா மேசையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். முடித்ததும் சென்செய் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுக்கும் ஹை என்றேன். ஆமாம் என்று அர்த்தம், எதற்கும் பொருந்தும். தம்பையா மாஸ்டர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். ஐயோ பாவம், சளி என்று நினைத்தேன்.

வராந்தாவில் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உமக்கு எத்தினை வயசு?"

"முப்பத்தெட்டு, மாஸ்டர்."

"உள்ளை ஒன்பது எண்டெல்லோ சொன்னனீர். மூண்டாம் வகுப்பிலை படிக்கிறீராம். அம்மா ஒவ்வொரு நாளும் உமக்குத் தலை பின்னி விடுறவவாம்."

நான் என்னை அறியாமல் தலையைத் தடவினேன். பின்னுவதற்கு அங்கே வெகுகாலமாக ஒன்றுமில்லை.

"உம்மட அப்பா தண்ணீர் இலாகாவிலை வேலையாம். எல்லாத்துக்கும் பயப்பிடுறவராம். இடிக்கு, நாய்க்கு, தபால்காரனுக்கு. பள்ளிக்கூடம் விடேக்கை வாசல்லை எல்லாருக்கும் முதல் அவர்தான் நிக்கிறவராம், மழையெண்டாலும்."

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். சென்செய் கேட்ட இரண்டு கேள்வி என்ன என்று மட்டும் கேட்டேன்.

"உமக்கு மெய்யாவே ஒன்பது வயசோ எண்டு கேட்டவர். ஓம் எண்டனீர். உம்மட அப்பா இப்பவும் பயப்பிடுறவரோ எண்டு கேட்டவர். அதுக்கும் ஓம் எண்டனீர்."

இரண்டாவது பதில் சரிதான் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். கடிகாரம் எதுவானாலும் இராகு காலம் என்னைப் பிடித்துவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விசாலத்திடம், சயாமுக்கு எந்த வேட்டி என்று கேட்டேன். கிழிந்ததைக் கட்டிக்கொண்டு போங்கள், நல்லதை வைத்துவிட்டுப் போங்கள் என்றாள். ஆனால் அன்று கிழங்கில் என் பங்குக்கு இரண்டு துண்டு கூட இருந்தது. கமலத்துக்கு மட்டும் கோபம். "அது என் கதை. நீங்க முன்னாடியே போய்ச் சொல்லிட்டீங்க" என்றாள். தபால்காரனுக்கு நான் பயப்படுகிறேன் என்று உனக்கு யார் சொன்னது என்றேன். "பாட்டிகிட்டருந்து லெட்டர் வந்தா நீங்க பிரிக்க மாட்டீங்க. அம்மாவப் பிரிக்கச் சொல்லிட்டு வாசல்ல போய் நிப்பீங்க" என்றாள். அந்தத் தபாலும் சண்டை தொடங்கியதிலிருந்து வருவதில்லை. கடல் மூடிக் கிடந்தது. வராத கடிதத்துக்கும் நான் பயந்துகொண்டிருந்தேன் என்பது அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் முடிவு ஆபீஸுக்கு வந்தது. தேறியவர்கள் பட்டியலில் ஒன்பது பேர். நான் இல்லை. ஜப்பான் அதிகாரி என்னை உள்ளே கூப்பிட்டார். அவர் கையில் இன்னொரு தாள் இருந்தது, பள்ளியின் மூன்றாம் வகுப்புப் பட்டியல். முதலிடம் கமலம், அதற்குக் கீழே இரண்டாமிடத்தில் நான் என்று பக்கத்தில் நின்ற குமாஸ்தா படித்துச் சொன்னார். ஒரு பிழையும் இல்லாமல் ஒப்பித்ததால் தோல்வி என்று எழுத மாட்டேன், மூன்றாம் வகுப்புப் பாடத்துக்கு மூன்றாம் வகுப்புத் தேர்ச்சிதான் தர முடியும் என்று சென்செய் எழுதி அனுப்பியிருந்தாராம். அதிகாரி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையைத் தன் இடுப்புயரத்தில் நிறுத்திக் காட்டி, நீ இவ்வளவு உயரம்தானா என்பது போல ஏதோ கேட்டார். நான் ஹை என்றேன். முத்திரையை எடுத்துக் குத்தினார். தேர்ச்சி தேர்ச்சிதான். ஆனால் சான்றிதழை வகுப்போடு நின்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்று குறிப்பில் இருந்தது.

அப்படித்தான் பரிசளிப்பு நாளன்று நான் பள்ளி மைதானத்தில், மூன்றாம் வகுப்பு வரிசையில், கமலத்துக்குப் பின்னால் போய் நின்றேன். எனக்குப் பின்னால் நின்ற குட்டிப் பெண், மறைக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்று சிணுங்கினாள். நான் இல்லாவிட்டால் அவளுக்குத்தான் இரண்டாமிடம். அவள் தாய் வேலியோரமாக வந்து, "ஏன்ணே, சோப்புக் கட்டிக்குச் சின்னப்பிள்ளகூடப் போட்டியா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள். முதல் பரிசு ஒரு சிறு பை அரிசி, இரண்டாம் பரிசு அரைச் சோப்பு. எனக்குக் கொடுத்த சோப்பை அங்கேயே அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். சான்றிதழை மட்டும் கொடுக்க முடியவில்லை. என் வாழ்க்கையில் பள்ளிக்கூடம் என்று ஒன்று எனக்குத் தந்த ஒரே காகிதம் அது. அதில் என் பெயர் எந்தக் கொக்கி என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் முடிந்ததும் கிழக்கே பார்த்து வணங்கச் சொன்னார்கள். அவர்கள் சக்கரவர்த்தி இருக்கிற திசை. நானும் குனிந்தேன். "இன்னும் கீழ, அப்பா" என்று கமலம் திரும்பாமலே சொன்னாள். இன்னும் குனிந்தேன். தலை தோக்கியோவைப் பார்த்து இருந்தது. என் பின்புறம், மலைக்கு அப்பால், கடலுக்கு அப்பால், தேவகோட்டையைப் பார்த்து இருந்தது. அங்கே கிழவி ஒருத்தி, மகனிடமிருந்து இன்னும் கடிதம் வரவில்லையே என்று உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு இந்தக் காட்சி தெரியாமல் இருப்பதே நல்லது என்று நினைத்தபோது, குனிந்த கண்ணுக்கு மண் தெரிந்தது. பிள்ளைகள் இடம் மாறி நிற்காமல் இருக்க ஒவ்வொருவருக்கும் ஒரு சுண்ணாம்பு வட்டம் போட்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று, ஒன்பது வயதுக்கான அளவில். ஒரு பாதத்தைத்தான் அதற்குள் வைக்க முடிந்தது. மற்றதை எங்கே வைப்பது என்று தெரியாமல், நிமிரச் சொல்கிற வரைக்கும், அதன் விரல்களை மட்டும் ஊன்றி, கோட்டில் படாமல் குதிகாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.