முருகனுக்குக் காட்டாத கால்

"படிச்சி என்னா செய்யப் போற? கால்ல எறங்குன ரத்தத்த மேல ஏறச் சொல்லுவியா?" தாதிப் பயிற்சிக்கு நான் ஈப்போ நகருக்குக் கிளம்பியபோது அம்மா கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்தவள் நான் ஒருத்திதான்.

இன்று வார்டில், நரம்பு சுருண்ட கால்களுக்குப் போடும் இறுக்கமான காலுறையைப் பிரித்தேன். ரப்பர் வாசனை அடித்ததும் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் சிறுமியாக நின்றேன்.

பால்மரம் வெட்டப் போகும்போது அட்டை ஏறாமலிருக்க, அம்மா காலுறையை முழங்காலுக்குக் கீழே சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டுவார். கெண்டைக்காலில் நரம்புகள் புடலங்காயாய்ச் சுருண்டதும், "இதுவும் மேல ஏறிரக்கூடாது" என்று இன்னும் இறுக்கினார்.

"அட்ட எங்கக்கா ஏறும்? உங்க நரம்பப் பாத்து, பெரியண்ணேன்னு கும்பிட்டுட்டுப் போயிரும் லா!" என்பார் பக்கத்து வீட்டு அஞ்சலை.

போன விடுமுறையில் டியூபை அவிழ்த்துவிட்டு, தளர்வாகக் கட்டத் துணி நாடா கொடுத்தேன். "ஒரே எடத்துல இப்பிடி இறுக்குனா ரத்தம் கீழயே தங்கிரும், அம்மா. வேல முடிஞ்சி வந்து படுத்தா, காலச் செவுத்துல தூக்கி வைங்க."

"முருகன் படம் மாட்டுன செவுத்துலயா? சாமிக்குப் பாதத்தக் காட்டவா? இதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்?"

அம்மா குளிக்கப் போனதும் ஆணியைப் பிடுங்கி எதிர்ச் சுவரில் அடித்தேன். முருகன் இப்போது அம்மாவின் தலைமாட்டில் இருக்கிறார். கால்மாட்டில் இருப்பது வெறும் சுவர்தான்.