தாமரைக்கு நடுவுல கொக்கி

...அத வுடுடி, அந்த மூல வூட்டுக்காரி சீலிங்குல மேகம் வரஞ்சி வெச்சிக்கீறா, கூடவே நெலா வேற. அண்ணாந்து பாத்து பாத்து அவ மாமியாருக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சாம். நீயும் பால்ஸ் சீலிங்கு போடப் போறியாமே? இப்டி குந்து, ஒண்ணு சொல்றேன். எங்க ஹாலு சீலிங்குல தாமரப் பூ கீது இல்ல? அது ஆசப்பட்டு வெச்சதில்லடி.

இந்த வூட்டுக்கு மேல காங்கிரீட்டு போட்ட அன்னிக்கே மேஸ்திரிகிட்ட சொல்லி, ஹால்ல ஒரு கொக்கி வெச்சிட்டேன். கொயந்தய போட்டு ஆட்ட, புடவைல ஏணை கட்டறதுக்கு. அப்போ பேத்திக்குக் கல்யாணமே ஆவல. எம்புள்ள சிரிக்கிறான். "யம்மா, இன்னும் மாப்ளயே பாக்கல, அதுக்குள்ள கொயந்தைக்கு எடம் புடிக்கிறியா?" சிரிடா, சிரின்னேன்.

அப்பறம் கல்யாணம் ஆயி, பேத்தி மாசமானா. மொத பிரசவம் தாய் வூட்லதான? அவ வர்றப்ப வூடு பளிச்சுனு இருக்கட்டும்னு எம்புள்ள சீலிங்கு போட ஆள வரச்சொல்லிட்டு, ஒரகடம் கம்பனிக்கு ஷிப்டுக்குப் போய்ட்டான். நானும் மருமவளும் வல்லக்கோட்டைக்குப் போய்ட்டோம், கொயந்த நல்லபடியா பொறக்கணும்னு முருகன வேண்டிக்க. திரும்பி வந்து பாத்தா, மேல வழவழன்னு வெள்ள அட்ட, சுத்திலும் மஞ்ச லைட்டு, கல்யாண மண்டபமாட்டம்! நான் வாயத் தொறந்துகினு நிக்கிறேன். மருமவதான் கேக்கறா, "அத்த, கொக்கி எங்க?"

எல்லாத்தையும் மூடிட்டானுங்கடி!

பேத்தி வந்து எறங்குனதும் மொதல்ல மேலதான் பாத்தா. மூஞ்சி சுருங்கிப் போச்சி. "ஆயா, எம்புள்ள உன் புடவ ஏணைலதான் தூங்கணும்னு நெனச்சிகினு வந்தேன்." எம்புள்ள, "ஸ்டேண்டு வெச்ச தொட்டில் வாங்கிக்கலாம்மா"ன்னான். "அத நீ வாங்கி நீயே படுத்துக்கப்பா"ன்னுட்டா.

சீலிங்கு போட்ட தம்பிய திரும்பக் கூப்ட்டோம். "எடத்தக் காட்டுங்க, வெட்டித் தரேன். தப்பா வெட்டுனா சீலிங்கு பாழாயிடும்"னுச்சி. யாருக்கு எடம் தெரியும்? எனக்குத் தெரியும்டி! பூச்சு வேல நடந்தப்ப காவலுக்கு வந்து, மத்தியானத்துல வாசல் காத்து வர்ற எடமா பாத்து ஹால்லதான் படுப்பேன். கண்ணத் தொறந்தா மூக்குக்கு நேரா கொக்கி.

தரைல மல்லாந்து படுத்தேன். இப்டி நவுந்தேன், அப்டி நவுந்தேன். காத்து காதாண்ட பட்டுச்சி. வெரல மேல நீட்டி, "இங்க வெட்டுப்பா"ன்னேன். எம்புள்ள தலைல கைய வெச்சிகினு, "இன்னாம்மா, ராக்கெட்டு வுடறியா?"ங்கறான். மருமவ முந்தானைய வாயில வெச்சிகினு சிரிக்கிறா.

வெட்டுனா, ஓட்ட ஓரத்துல கொக்கி எட்டிப் பாக்குது! பேத்தி வவுத்தத் தள்ளிகினு நின்னு கை தட்டறா. ஓட்டைய இன்னும் கொஞ்சம் பெருசாக்குனதுல கோணல்மாணலாயிடுச்சி. அத மறைக்கத்தான் சுத்தி தாமரப் பூ. எம்புள்ள ஏணி போட்டு ஏறி, கொக்கியப் புடிச்சி தொங்கிப் பாத்தப்பறம்தான் புடவ கட்ட வுட்டேன்.

இப்போ கொள்ளுப்பேரன் ஏணைல படுத்துகினு அந்தப் பூவப் பாத்துதான் சிரிக்கிறான். அதனால நீ மூடறதுக்கு முன்ன கொக்கிய வெளிய வுடச் சொல்லு. பொண்ணு இப்பதான் காலேஜுக்குப் போறான்னு இளிக்காத, நானும் அப்டித்தான்...

ஐய, அழுவுறது கேக்குதா? கொயந்த முழிச்சிகிச்சி. ஏணைய நனைச்சிருக்கும், புடவ மாத்தணும். நீ போறப்ப வாசல் கேட்டச் சாத்திகினு போடி!