தட்டிக்கு அந்தப் பக்கம்

ஊர் ஊராகப் போய் பியர் குடித்துப் பார்க்கிறவன் நான் என்று சொன்னால் எங்கள் ஊர் பேசாலையில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நம்பினாலும் அண்ணனிடம் சொல்ல மாட்டார்கள். ஜேர்மனியில் நான் இருக்கும் பக்கத்தில் நாலு கிராமத்துக்கு ஒரு பியர் காய்ச்சும் ஆலை இருக்கிறது. லீவு கிடைத்தால் ரயிலேறிப் போய் ஒன்றைப் பார்த்துவிட்டு வருவேன். மனைவி இதைப் பைத்தியம் என்பாள். முளைவிட்ட வாற்கோதுமையை வறுக்கும் மணத்துக்காக நான் இன்னும் தூரம் கூடப் போவேன்.

பெரிய செம்புத் தொட்டிகளைச் சுற்றிக் காட்டிவிட்டு, ஒரு பலகையில் ஐந்து சின்னக் கிளாஸ் வைத்துத் தருவார்கள். மணந்து பாருங்கள், நாக்கில் உருட்டுங்கள் என்று பக்கத்தில் நின்று ஒருவர் படிப்பிப்பார். எனக்கு எரிச்சல் வரும். குடிக்க விடு மனுசா, பூசையா வைக்கிறாய் என்று மனதுக்குள் ஏசிக்கொண்டே குடிப்பேன்.

ஒருமுறை அப்படி ஓர் ஆலையில் எதிரே நீள வாங்குப் பலகையில் இரண்டு கிழவர்கள் இருந்தார்கள். அண்ணனும் தம்பியும் என்று முகமே சொன்னது. இளையவரின் மீசையில் ஒட்டிய நுரையை மூத்தவர் கைலேஞ்சியால் துடைத்துவிட்டார். பிறகு இருவரும் கிளாஸை முட்டிக் குடித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அன்று நாலாவது கிளாஸோடு எழும்பி வந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் மூத்தவருக்கு முன்னால் இளையவர் குடிப்பதில்லை. அண்ணன் எனக்கு எட்டு வயது மூப்பு. அப்பா படுக்கையில் விழுந்த பிறகு வீட்டுக்குப் பெரியவர் அவர்தான். கள்ளு விற்கும் தவறணை வாசலில் அவருடைய சைக்கிள் நின்றால் நான் பேசாமல் திரும்பி, அடுத்த ஒழுங்கையால் போய்விடுவேன். இருபது வயதில் வெளிநாடு போகும்வரை அப்படித்தான். உலகத்தில் யார் யாரோடோ குடித்திருக்கிறேன், பெயர் தெரியாத லொறிக்காரனோடுகூட. கூடப்பிறந்தவரோடு ஒரு மிடறு குடித்ததில்லை. இந்த ஆசையை வெளியே சொல்லவும் வெட்கமாக இருந்தது.

இந்த முறை ஊருக்குப் போனபோது அதை முடித்துவிட்டே திரும்புவது என்று போனேன். பாஸ்குத் திருநாள் முடிந்து பனைகளில் கள்ளு நன்றாக வடிகிற காலம். ஆனால் பத்து நாளாக வாய் திறக்கவில்லை. ஒருநாள் தலைமன்னாருக்கு பஸ்ஸில் போய், பழைய இறங்குதுறைவரை அண்ணனும் நானும் நடந்தோம். காற்றைப் பற்றிப் பேசினோம், மீனைப் பற்றிப் பேசினோம், காற்றாலைகளை எண்ணினோம். அதை மட்டும் பேசவில்லை. திரும்புவதற்கு மூன்று நாள் இருக்கும்போது அண்ணியிடம் சொன்னேன்.

"உங்களுக்கு விசரே தம்பி?" என்று சிரித்தார். பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். "சரி, நான் கேட்டுப் பாக்கிறன்."

அடுத்த நாள் காலை, அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பதினொரு மணிக்கு வெளிக்கிட்டு நில்."

தவறணை பனைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டில். நடுவில் ஆள் உயரத்துக்குத் தென்னோலை பின்னிய கிடுகுத் தட்டி கட்டியிருந்தது. மூத்தவர்களுக்கு இந்தப் பக்கம், இளசுகளுக்கு அந்தப் பக்கம். அண்ணன் கையை நீட்டி எனக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. போய் இருந்தேன்.

கள்ளு விற்பவர் பனையோலையை மடித்துக் கோலிய பிளாவில் வார்த்துத் தந்தார். தட்டிக்கு அந்தப் பக்கம் வாங்கு கிரீச்சிட்டது.

"எப்பிடி இருக்கு?" என்றார் அண்ணன்.

"கொஞ்சம் புளிப்பு, அண்ணை. ஆனா நல்லா இருக்கு."

"விடிய இறக்கினது. புளிக்கத்தானே செய்யும். அங்கத்தைய சாமான் இதைவிட நல்லமோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் அங்க குடிக்கிறனான் எண்டு ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லேல்ல. முப்பது வருசமா தண்ணி மட்டுமே குடிச்சனீ?"

அதோடு என் வெட்கம் போயிற்று. செம்புத் தொட்டி, வறுத்த வாற்கோதுமை, ஐந்து சின்னக் கிளாஸ், எல்லாவற்றையும் கிடுகைப் பார்த்துச் சொன்னேன். அந்த இரண்டு கிழவர்களைப் பற்றியும் சொன்னேன். அண்ணனின் வாங்கு மறுபடி கிரீச்சிட்டது. பிறகு, "இன்னொண்டு வாங்கிக் குடி" என்றார். வாங்கிக் குடித்தேன். ஓலை இடுக்கில் அவருடைய வெள்ளைச் சேட்டின் ஒரு துண்டு தெரிந்தது. முகம் தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக் குடிக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்.

"நான் முன்னால போறன். நீ ஆறுதலா வா" என்று எழும்பிப் போனார்.

சைக்கிள் போன சத்தம் கேட்டதும் நான் தட்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். அவர் இருந்த வாங்கில் பிளா விளிம்புவரை நிறைந்திருந்தது. நுரை அடங்கி, ஒரு தேனீ மிதந்தது.

"அண்ணர் குடிக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"அவர் விட்டு ரெண்டு வருசமாச்சு" என்றார் விற்பவர். "சீனி வருத்தம். தொடவே கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். தம்பி குடிக்கேக்க வெறுங்கையோட இருக்கேலாது, ஒண்டு வார்த்துத் தா எண்டு கேட்டு வாங்கினவர்."

நான் அண்ணனின் வாங்கில் இருந்தேன். இன்னும் சூடாக இருந்தது. தேனீயை விரலால் எடுத்து வெளியே விட்டேன். அண்ணன் மிச்சம் வைத்ததைத் தம்பி குடிக்க எங்கள் ஊரில் தடை இல்லை. சின்ன வயதில் அவர் வைத்த அரைக் கோப்பைத் தேநீரை எத்தனை நாள் குடித்திருக்கிறேன். பிளாவை இரண்டு கையாலும் தூக்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.